டிரமடாலை நிறுத்தியபோது எனக்கு நடந்தது

தோள்பட்டைத் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிறகு எனக்கு டிரமடால் என்ற வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மருந்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது தன் வேலையைச் செய்தது. அதை நிறுத்திய பிறகு வந்த நாட்கள்தான் என்னைக் கலங்கடித்துவிட்டன. வீட்டில் தனியாக இருந்தேன். உடம்புக்குள் என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. கேட்ட இடங்களிலும் பதில் கிடைக்கவில்லை. மாத்திரையைத் தொடங்கிய நாளில் யாராவது ஒருவர் எதிரில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் பேசியிருந்தால் இதில் பாதிக்கு மேல் நடந்திருக்காது என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். அந்த ஐந்து நிமிடத்தில் எனக்கு என்னென்ன சொல்லியிருக்க வேண்டுமோ அதையெல்லாம் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவம் படித்தவன் இல்லை. அளவைப் பற்றி நான் சொல்வது எதையும் வைத்து நீங்களாக மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். உங்கள் மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது உதவினால் போதும்.

தோள் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு அந்த முதல் இரவு தெரியும். நரம்பை மரத்துப்போக வைக்கும் ஊசியின் பலம் இருக்கும்வரை கை நம்முடையதே இல்லை என்பதுபோல் கிடக்கும். அது விட்டதும் வலி ஒரேயடியாக வந்து இறங்கும். படுக்கவும் முடியாது, சாய்ந்து உட்காரவும் முடியாது. முதலில் டிரமடாலும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை கொடுத்தார்கள். அது போதவில்லை என்றதும், மெதுவாகக் கரைந்து நீண்ட நேரம் வேலை செய்யும் டிரமடால் 100 மில்லிகிராம், காலையும் இரவும் என்று மாற்றினார்கள். அன்றைக்குத்தான் தூங்கினேன். எழுந்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அவ்வளவு நிம்மதி. வலி அடங்கியது மட்டும் இல்லை, மனமும் லேசாக இருந்தது. சின்னச் சின்ன விஷயங்களுக்கு எரிச்சல் வரவில்லை. நன்றாகத் தூங்குவதால் அப்படி இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டேன். அதற்கு வேறு காரணமும் இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

டிரமடால் 1962-ல் ஜெர்மனியில் உருவாக்கப்பட்டு 1977-ல் அங்கே விற்பனைக்கு வந்த மருந்து. மார்ஃபினைப்போல இதுவும் ஓபியாய்டு, அதாவது அபின் வகை வலி மருந்து. மூளையில் அந்த வகை மருந்துகள் வந்து பிடிக்கும் ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்ளும், ஆனால் அந்தப் பிடி பலவீனமானது. கல்லீரலில் சி.ஒய்.பி. 2டி6 என்ற நொதி இதை வேறொரு பொருளாக மாற்றுகிறது. அந்தப் பொருள்தான் ஓபியாய்டு வேலையைப் பெரும்பாலும் செய்கிறது. இதோடு முடிந்துவிடவில்லை. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளைப்போல செரோட்டோனின், நாரட்ரினலின் என்ற, நரம்புகள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் இரண்டு வேதிப்பொருட்களை நரம்பு முனைகள் திரும்ப உறிஞ்சிக்கொள்வதையும் டிரமடால் தடுக்கிறது. ஆக, ஒரே மாத்திரைக்குள் இரண்டு விதமான மருந்து இருக்கிறது. என் மனம் லேசானதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். நிறுத்தும்போது இந்த இரண்டிலிருந்தும் உடம்பு வெளியே வர வேண்டியிருக்கிறது. இந்த ஒரு விஷயத்தை முதல் நாளே சொல்லியிருந்தால் நான் பிறகு பட்ட பயத்தில் பெரும்பகுதி இல்லாமல் போயிருக்கும்.

அந்த நொதி எல்லோருக்கும் ஒரே வேகத்தில் வேலை செய்வதில்லை. பிறப்பிலேயே சிலருக்கு மெதுவாக இருக்கும். அவர்களுக்கு வலி சரியாகக் குறையாது. சிலருக்கு மிக வேகமாக இருக்கும். அவர்களுக்குச் சாதாரண அளவே அதிகமாகிவிடும், மூச்சு மந்தமாகும் ஆபத்தும் உண்டு. அதனால் "எனக்கு இது நன்றாகக் கேட்டது, நீங்களும் போட்டுப் பாருங்கள்" என்று பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுப்பது மிகவும் தவறு. 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு டிரமடால் கூடவே கூடாது என்றும், டான்சில் அல்லது மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை எடுத்த பிறகு 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் கூடாது என்றும் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-ல் அறிவித்ததற்கு இந்த மூச்சு ஆபத்துதான் காரணம். தாய்ப்பால் கொடுப்பவர்களும் எடுக்க வேண்டாம் என்று அதே அறிவிப்பில் இருக்கிறது. பெரியவருக்குக் கொடுத்த மாத்திரையில் பாதியை உடைத்துப் பிள்ளைக்குக் கொடுக்கும் பழக்கம் பல வீடுகளில் இருப்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அளவைப் பற்றி. பெரியவர்களுக்குச் சாதாரண வகையில் ஒரு நாளுக்கு 400 மில்லிகிராம் என்பது உச்ச வரம்பு. 75 வயதைத் தாண்டியவர்களுக்கு 300. சிறுநீரகம் நன்றாக வேலை செய்யாதவர்களுக்கு இன்னும் குறைவு. வரம்பைத் தாண்டினால் வலிப்பு வரும் ஆபத்து ஏறுகிறது. வரம்புக்குள் இருந்தாலும் வலிப்பு வந்தவர்கள் உண்டு. ஏற்கெனவே வலிப்பு நோய் இருப்பவர்களும் தலையில் பலமாக அடிபட்டவர்களும் கட்டாயம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மெதுவாகக் கரையும் மாத்திரையை உடைக்கவோ நசுக்கவோ மெல்லவோ கூடாது. அரை நாளுக்கு வேண்டிய மருந்து முழுதும் ஒரே நேரத்தில் ரத்தத்தில் இறங்கிவிடும். என் மாத்திரை சற்றுப் பெரியது. விழுங்கக் கஷ்டமாக இருந்தபோது உடைக்கலாமா என்று மருந்துக்கடையில் கேட்டேன். அங்கிருந்தவர் பதறிப்போய் வேண்டாம் என்றார். அப்புறம், பாராசிட்டமால் சேர்ந்த மாத்திரை என்றால் ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் 325 மில்லிகிராம் பாராசிட்டமால் இருக்கும். காய்ச்சலுக்கு, சளிக்கு, தலைவலிக்கு என்று தனியாக வாங்கும் மாத்திரைகளிலும் அதே பாராசிட்டமால்தான். எல்லாம் சேர்ந்து ஒரு நாளுக்கு 4 கிராமைத் தாண்டினால் கல்லீரல் பாதிக்கப்படலாம். மெலிந்தவர்களுக்கும் மது குடிப்பவர்களுக்கும் அந்த வரம்பு இன்னும் கீழே இருக்கிறது. அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருப்பதைப் படித்துக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

மலச்சிக்கலைப் பற்றியும் யாரும் வாய் திறக்கவில்லை. ஓபியாய்டு மருந்துகள் குடலின் அசைவைக் குறைத்துவிடும். குமட்டல், தூக்கக் கலக்கம் எல்லாம் சில நாளில் உடம்புக்குப் பழகிவிடுகின்றன. மலச்சிக்கல் மட்டும் பழகுவதே இல்லை, மாத்திரை இருக்கும்வரை அதுவும் இருக்கும். நான் தண்ணீரும் நார்ச்சத்தும் கூட்டிப் பார்த்தேன், பலனில்லை. ஒரு கையைக் கட்டிப் போட்டுக்கொண்டு, முக்கினால் தோளில் வலிக்க, கழிவறையில் நான் பட்ட பாட்டை இங்கே விவரிக்க வேண்டாம். சென்னா, பிசகோடில் போல குடலைத் தூண்டும் மருந்தை முதல் நாளிலிருந்தே சேர்த்துக் கொடுப்பது வழக்கம் என்று பிற்பாடுதான் அறிந்தேன். டிரமடால் எழுதும்போதே "மலச்சிக்கலுக்கு என்ன தருகிறீர்கள்?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

சில வாரங்கள் இப்படிப் போயின. தோள் தேறி வந்தது, உடற்பயிற்சி சிகிச்சை தொடங்கியது. மறுபரிசோதனைக்குப் போனபோது மருத்துவர் கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "நல்ல முன்னேற்றம், வலி மாத்திரை இனி வேண்டாம், தேவைப்பட்டால் பாராசிட்டமால் போதும்" என்றார். சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். அன்றிரவு மாத்திரை போடவில்லை. மறுநாள் மதியத்துக்கு மேல் கொட்டாவி வர ஆரம்பித்தது. ஒன்று முடிவதற்குள் அடுத்தது. மூக்கிலிருந்து நீராக ஒழுகியது, கண் கலங்கியது. சளி பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். இரவு வந்ததும் உடம்பு முழுக்கப் புல்லரித்தது, குளிரிக்கொண்டே வியர்த்தது. கால்கள் இரண்டும் ஒரு இடத்தில் நிற்கவில்லை. நீட்டினால் மடக்கத் தோன்றும், மடக்கினால் நீட்டத் தோன்றும். வயிற்றைப் புரட்டிக்கொண்டு வயிற்றுப்போக்கு. விடியும்வரை கண்ணை மூடவில்லை.

இதுவரை வந்தது எல்லா ஓபியாய்டு மருந்துகளுக்கும் பொதுவானது. அடுத்த நாள் வந்தது வேறு. தலையைத் திருப்பினால் மண்டைக்குள் மின்சாரம் சுருக்கென்று பாய்ந்து போனது. விரல் நுனிகளில் ஊசி குத்துவதுபோல் இருந்தது. காரணமே இல்லாமல் நெஞ்சு படபடத்தது, இப்போதே செத்துவிடுவேன் என்று ஒரு பயம் வந்து அமுக்கியது. என் அறை, என் மேசை, என் கை எல்லாம் எதுவும் நிஜமில்லாததுபோல், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருப்பதுபோல் தெரிந்தன. மூளையில் கட்டி வந்துவிட்டது, இல்லை பைத்தியம் பிடிக்கிறது, இந்த இரண்டில் ஒன்று என்று உட்கார்ந்து அழுதேன். யாரையாவது கூப்பிட்டுச் சொல்லலாம் என்றால் என்னவென்று சொல்வது? செரோட்டோனின் பக்கத்து வேலை திடீரென்று நின்றுபோனால் டிரமடால் எடுத்தவர்களில் சிலருக்கு இப்படி வரும் என்பது மருத்துவத்தில் தெரிந்த விஷயம். குழப்பமும், இல்லாதது கண்ணுக்குத் தெரிவதும்கூடச் சிலருக்கு வரும். எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

நள்ளிரவில் அவசரப் பிரிவுக்குப் போனேன். இதய மின்வரைபடம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது, மனப்பதற்றம் என்று சொல்லித் தூக்க மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அது அடங்காமல் அடுத்தடுத்து வேறு மருத்துவர்களைப் பார்த்தேன். தைராய்டு, சர்க்கரை, தலை ஸ்கேன் என்று போய்க்கொண்டே இருந்தது. கைக்காசு கரைந்தது. ஒரு மாதச் சம்பளத்தை எட்டும் தொகை பரிசோதனைகளுக்கே போயிற்று. அறுவை சிகிச்சைக்கு எடுத்திருந்த விடுப்பு தீர்ந்திருந்ததால் மேற்கொண்டு எடுத்த நாட்களுக்குச் சம்பளமும் இல்லை. தோளுக்கான உடற்பயிற்சி சிகிச்சையும் நடுவில் நின்றது. கை இறுகிக்கொண்டதால் அதைத் திரும்பப் பிடிக்கவே பல வாரங்கள் ஆயின. ஒவ்வொரு இடத்திலும் "இப்போது என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டார்கள். "எதுவும் இல்லை" என்று உண்மையைச் சொன்னேன். அந்தக் கேள்விக்கு அதுதான் சரியான பதில். ஆனால் எனக்குத் தேவைப்பட்டது வேறு கேள்வி.

அந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு மருந்தாளுநர். சளி என்று நினைத்து ஆரம்பத்தில் வாங்கி, திறக்காமலே வைத்திருந்த இருமல் மருந்தைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று போயிருந்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன செய்கிறது என்று விசாரித்தார். சொன்னேன். "சமீபத்தில் ஏதாவது மாத்திரையை நிறுத்தினீர்களா?" என்றார். டிரமடால் என்றேன். "எவ்வளவு நாள் சாப்பிட்டீர்கள், எப்படி நிறுத்தினீர்கள்?" ஒரே நாளில் நிறுத்தச் சொன்னார்கள் என்றதும் தலையசைத்தார். இது மருந்தை நிறுத்தியதால் வருவது, பயப்பட வேண்டாம், எழுதிக் கொடுத்த மருத்துவரிடமோ வலி சிகிச்சை மருத்துவரிடமோ இன்றைக்கே போய் இந்த வார்த்தைகளையே சொல்லுங்கள் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். அந்தத் தாளை வாங்கும்போது என் கை நடுங்கியது. பைத்தியம் இல்லை, கட்டி இல்லை, இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே எவ்வளவு பெரிய ஆறுதல்! எந்த மருத்துவரிடம் போனாலும் சாப்பிடும் மருந்துகளோடு கடந்த இரண்டு மாதத்தில் நிறுத்திய மருந்துகளையும் அவர்கள் கேட்காமலே சொல்லுங்கள்.

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். உடம்பு ஒரு மருந்துக்குப் பழகிப்போவது வேறு, போதைக்கு அடிமையாவது வேறு. சில வாரங்கள் தொடர்ந்து எடுத்தால் சொன்னபடி சரியாகச் சாப்பிட்டவருக்கும் உடம்பு பழகத்தான் செய்யும். வலிக்காக இல்லாமல் அந்த உணர்வுக்காகவே மனம் தேடுவதும், அளவு தானாக ஏறுவதும், மாத்திரை கிடைக்க வேண்டும் என்று மறைத்துச் செய்வதும் வந்தால் அது அடிமைத்தனம். டிரமடாலில் அதற்கும் ஆபத்து உண்டு. அமெரிக்காவும் பிரிட்டனும் 2014-லும், இந்தியா 2018-லும் இதைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது அதனால்தான். அந்த நிலையில் இருப்பவர்களுக்கும் சிகிச்சை இருக்கிறது. எனக்கு வந்தது முதல் வகை. ஆனால் அந்த நாட்களில் இதைப் பற்றி நண்பர் ஒருவரிடம் சொன்னபோது அவர் பார்த்த பார்வையில் நான் கூனிக் குறுகிப்போனேன். அதற்குப் பிறகு யாரிடமும் பேசவே தோன்றவில்லை. வலிக்கு மருந்து சாப்பிட்டவரை அப்படிப் பார்க்காதீர்கள். அவர் பேசுவதை நிறுத்திவிட்டால் உதவி கிடைப்பதும் நின்றுவிடும்.

அந்தத் தாளோடு போய்ப் பார்த்த புதிய மருத்துவர் பொறுமையானவர். மெதுவாகக் கரையும் மாத்திரையைப் பிரிக்க முடியாது என்பதால், சாதாரண 50 மில்லிகிராம் வகைக்கு மாற்றி, முன்பு எடுத்ததைவிடக் குறைந்த அளவில் திரும்பத் தொடங்கினார். முதல் மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் மண்டைக்குள் பாய்ந்த மின்சாரம் அடங்கியது. பிறகு படிப்படியாகக் குறைத்தார். ஒரு படி இறங்கியதும் ஒரு வாரம்போல் அங்கேயே நிற்போம். தூக்கமும் வயிறும் சரியானால் அடுத்த படி. ஒரு முறை தாங்கவில்லை, அதே அளவில் இன்னும் கொஞ்ச நாள் இருந்தோம். கடைசிப் படிகள்தான் கடினம், அங்கே அவசரமே காட்டக் கூடாது. எவ்வளவு வேகம் என்பது எவ்வளவு காலம் சாப்பிட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. நாலைந்து நாள் மட்டும் எடுத்தவருக்குப் பெரும்பாலும் இதெல்லாம் தேவைப்படாது. ஒரு வருடத்துக்கு மேல் ஓபியாய்டு எடுத்தவர்களுக்கு மாதத்துக்கு 10 சதவீதம் அல்லது அதைவிட மெதுவாகக் குறைப்பது தாங்கக்கூடியது என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2022 வழிகாட்டுதல் சொல்கிறது. திடீரென்று நிறுத்தக் கூடாது என்று அந்நாட்டு மருந்து நிர்வாகம் 2019-லேயே தனியாக எச்சரித்திருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது, என்னிடம் வந்து சேரவில்லை.

மேலே சொன்ன இருமல் மருந்துக்கு வருகிறேன். அதில் இருமலை அடக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் என்ற மருந்து இருந்தது. டிரமடாலோடு அது சேர்ந்தால் செரோட்டோனின் அளவுக்கு மீறி ஏறலாம். செர்ட்ராலின், ஃப்ளூவாக்செட்டின், பராக்செட்டின், எஸ்சிட்டலோபிராம் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளோடும், ஒற்றைத் தலைவலிக்கான சுமாட்ரிப்டானோடும், லைனசோலிட் என்ற நுண்ணுயிர்க்கொல்லியோடும் இதே கவலை உண்டு. கை கால் நடுக்கம், தசை வெட்டி வெட்டி இழுப்பது, கடும் காய்ச்சல், பிதற்றல் வந்தால் காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவமனை. இவற்றில் ஃப்ளூவாக்செட்டினும் பராக்செட்டினும் அந்தக் கல்லீரல் நொதியையும் தடுப்பதால் வலியும் சரியாகக் குறையாது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு ரத்தக் கசிவு ஆபத்து கூடும். சர்க்கரை மருந்து எடுப்பவர்களுக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கலாம்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது மூச்சு சம்பந்தப்பட்டது. மது, பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் அல்பிரசோலம், குளோனசெபம், டயசெபம் போன்ற மாத்திரைகள், நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரிகாபலின், கேபபென்டின் இவற்றில் எது டிரமடாலோடு சேர்ந்தாலும் மூச்சு மந்தமாகி நின்றுபோகும் அளவுக்குப் போகலாம். முதுகு வலி, கழுத்து வலிக்காரர்களுக்கு பிரிகாபலினும் டிரமடாலும் ஒரே சீட்டில் வருவது சாதாரணம். அப்படி வந்தால் தெரிந்துதான் எழுதினாரா என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறே இல்லை. குறட்டையோடு தூக்கத்தில் மூச்சுத் திணறுபவர்கள் அதையும் சொல்ல வேண்டும். வீட்டில் இருப்பவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்: தட்டி எழுப்பினால் எழாமல் இருப்பது, மூச்சு மிக மெதுவாகவோ விட்டு விட்டோ வருவது, உதடு நீலம் பாரிப்பது, கண்மணி ஊசிமுனைபோல் சுருங்குவது. இதில் எதைப் பார்த்தாலும் தூங்கட்டும் என்று விடக் கூடாது, ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். நாலாக்சோன் என்ற முறிமருந்து ஓபியாய்டு பக்கத்தை முறிக்கும். டிரமடாலில் அது முழுமையாக வேலை செய்யாது, அதனால் அதைக் கொடுத்த பிறகும் மருத்துவமனைக்குப் போயாக வேண்டும்.

இப்போது யாராவது எனக்கு இந்த மருந்தை எழுதினால் சீட்டைக் கையில் வாங்குவதற்கு முன்பே எந்தத் தேதியில் குறைக்கத் தொடங்குவோம், எப்படிக் குறைப்போம் என்று கேட்பேன். பதில் "அப்போது பார்க்கலாம்" என்று வந்தால், அதைச் சீட்டிலேயே எழுதித் தரும்படி பணிவாகக் கேட்பேன். இதைவிடக் குறைந்த மருந்தில் சமாளிக்க முடியாதா என்றும் கேட்பேன். நாள்பட்ட முதுகு வலிக்கும் மூட்டுத் தேய்மான வலிக்கும் ஓபியாய்டு மருந்துகளையும் மற்ற வலி மருந்துகளையும் ஒரு வருடம் ஒப்பிட்டு அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2018-ல் வெளியானது. அன்றாட வேலைகளைச் செய்வதில் ஓபியாய்டு எடுத்தவர்கள் எந்த விதத்திலும் முன்னால் இல்லை. அறுவை சிகிச்சைக்குப் பிறகான முதல் சில நாள் வலி வேறு கதை, அங்கே இந்த மருந்து வேண்டியிருக்கலாம், அதை வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கத் தேவையில்லை. எத்தனை நாளைக்கு என்பதில்தான் பேச்சு இருக்க வேண்டும்.

என்னிடம் சில மாத்திரைகள் மிஞ்சின. அவசரத்துக்கு உதவும் என்று அலமாரியில் போட்டு வைப்பதுதான் பெரும்பாலும் நாம் செய்வது. மருந்து இருக்கும் நாட்களில் பூட்டு போட்ட இடத்தில் வையுங்கள், எண்ணி வையுங்கள். பிள்ளைகளின் கைக்கு எட்டினால் ஒரே ஒரு மாத்திரைகூட உயிருக்கு ஆபத்தாகலாம். முடிந்ததும் மிச்சத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் மருந்துக்கடை அல்லது மருத்துவமனை இருந்தால் அங்கே கொடுத்துவிடுங்கள். அப்படி இல்லை என்றால் அட்டையிலிருந்து பிரித்து, யாரும் வாயில் வைக்க முடியாதபடி மண்ணோடோ காப்பித்தூள் சக்கையோடோ கலந்து, பையில் போட்டு இறுகக் கட்டிக் குப்பையில் சேர்க்கலாம். மருந்துச் சீட்டை மட்டும் எறியாதீர்கள். எந்தத் தேதியில் தொடங்கினீர்கள், எந்த அளவு, கடைசி மாத்திரை எப்போது என்று அதன் பின்பக்கம் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் அதை நீட்டுங்கள்.